அடுக்களைப் புகையும் குழந்தையின் சுவாசமும்

இந்தியாவில் பிறந்து ஒரு மாதம் கடந்தபின், ஐந்து வயது நிறைவதற்குள் குழந்தைகளின் உயிரைக் கவரும் தொற்று நோய்களில் நிமோனியா எனப்படும் நுரையீரல் அழற்சி முதலிடம் பெறுகிறது. இந்நோயை உண்டாக்குபவை பாக்டீரியா, வைரஸ் ஆகிய நுண்ணுயிர்களே என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரே தெருவில், ஒரே பருவத்தில், ஒரே கிருமி பல வீடுகளுக்குள் நுழையும்போது, பெரும்பாலான குழந்தைகள் மூக்கொழுகுதலோடும் சில நாள் இருமலோடும் தப்பிவிடுகின்றன. ஒரு சில குழந்தைகளுக்கு மட்டும் அது நெஞ்சில் இறங்கி உயிருக்கு ஆபத்தாகிறது. இவ்வேறுபாட்டிற்குக் குழந்தையின் எடை, தாய்ப்பால், தடுப்பூசி ஆகியவை காரணமாவதுபோல, அது மூச்சு விடும் வீட்டுக் காற்றும் காரணமாகிறது. கிராமங்களில் பணியாற்றும் சுகாதார ஊழியரும் அங்கன்வாடிப் பணியாளரும் பள்ளி ஆசிரியரும் நேரில் கண்டு திருத்தக்கூடியது இக்கடைசிக் காரணமே ஆதலின், இக்கட்டுரையில் அதுவே விரிவாக ஆராயப்படுகிறது.

குழந்தையின் சுவாசக் குழல்

வளர்ந்தவர் ஓய்வாக இருக்கையில் நிமிஷத்திற்கு 12 முதல் 18 முறை மூச்சு விடுகிறார். கைக்குழந்தையோ 30 முதல் 50 முறை மூச்சு விடுகிறது. எடைக்கு எடை ஒப்பிட்டால், குழந்தை உள்ளிழுக்கும் காற்று பெரியவர் இழுப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆகவே ஒரே அறையில், ஒரே புகையில் தாயும் சேயும் அமர்ந்திருந்தால், உடலின் அளவை நோக்கச் சேய்க்கே அதிகப் புகை உட்செல்லுகிறது.

குழலின் குறுகலும் கவனிக்கற்பாலது. குழாயில் சீராக ஓடும் பொருளின் தடை, குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால் இரு மடங்கன்று, 16 மடங்கு பெருகும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு மருத்துவர் புவாஸேய் கண்ட விதி. பெரியவரின் அகன்ற மூச்சுக்குழலில் சிறிது வீக்கமோ சளியோ ஏற்பட்டால் அது தொல்லை மாத்திரமே. குழந்தையின் மெல்லிய குழலில் அதே அளவு வீக்கம் மூச்சுத் திணறலாகிறது. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே விளக்கலாம். பப்பாளி இலைக் காம்பின் வழியாக ஒரு மாணவனை ஊதச் சொல்லி, பிறகு ஒற்றை வைக்கோல் தாளின் வழியாக ஊதச் சொன்னால், நீண்ட விளக்கம் தேவைப்படாது.

சுவாசக் குழலின் உட்புறம் மயிரினும் நுண்ணிய இழைகளால் போர்த்தப்பட்டுள்ளது. இவை இடைவிடாது அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. இதனையும் கடந்து நுரையீரலின் காற்றறைகளுக்குச் செல்லும் கிருமிகளை, அங்குக் காவலிருக்கும் விழுங்கு செல்கள் அழிக்கின்றன. விறகுப் புகை இவ்விரு காவலையும் தளர்த்துகிறது. இழைகளின் அசைவு மந்தமாகிறது. விழுங்கு செல்கள் கரித்துகளை உண்டு கிருமியை உண்ணும் திறன் குறைகின்றன. புகை தானாக நிமோனியாவை உண்டாக்குவதில்லை; வருகிற கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

புகையில் கண்ணை எரிக்கும் பகுதியைவிடக் கண்ணுக்குப் புலனாகாத பகுதியே பெருந்தீங்கு விளைப்பது. 2.5 மைக்ரானுக்கும் குறைந்த குறுக்களவுள்ள துகள், அஃதாவது தலைமயிரின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குள்ள துகள், மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் காற்றறை வரை செல்லும். மரம், வறட்டி, பயிர்த்தாள், நிலக்கரி ஆகியவை முழுமையாக எரியாதபோது இத்துகள்கள் மிகுதியாகத் தோன்றுகின்றன.

புகையை அளந்தவர்கள்

அடுப்புப் புகையின் தீமை நம் நாட்டில் முதலில் பெண்களிடம் கண்டறியப்பட்டது. டில்லியில் இதய நோய் மருத்துவர் எஸ். பத்மாவதியும் அவருடன் பணியாற்றியவரும் 1959-ல் வெளியிட்ட ஆய்வில், நாட்பட்ட நுரையீரல் நோயினால் இதயத்தின் வலப்பக்கம் பழுதடையும் நிலை, ஆண்களைப்போலவே பெண்களிடமும் காணப்படுவது எடுத்துக்காட்டப்பட்டது. புகைபிடிக்கும் பழக்கமோ அப்பெண்களிடம் மிகக் குறைவு. சிறுவயது முதல் அடுப்பங்கரையில் உட்கொண்ட புகையே காரணமாதல் வேண்டும் என்று அவர்கள் கருதினர். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர் கர்க் ஸ்மித்தும் இந்திய ஆய்வாளர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடலிலேயே அளவு கருவிகளைப் பொருத்திப் பார்த்தனர். சமைக்கும் வேளையில் அவர்கள் சுவாசித்த காற்றில், எல்லா அளவுத் துகள்களும் சேர்ந்து, கன மீட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம் இருந்தது.

கள ஊழியருக்கு மிகவும் பயன்படக்கூடிய அளவீடு 2013-ல் வெளிவந்தது. தமிழ்நாடு, மேற்கு வங்காளம், மத்தியப் பிரதேசம், உத்தராகண்ட் ஆகிய மாநிலங்களில் எடுத்த அளவுகளைக் கொண்டு, விறகு முதலிய திட எரிபொருள் பயன்படுத்தும் இந்திய வீடுகளின் சராசரி நிலை அதில் கணிக்கப்பட்டது. ஒரு முழு நாளின் சராசரியாக அடுக்களையில் நுண்துகள் கன மீட்டருக்குச் சுமார் 450 மைக்ரோகிராம்; வீட்டில் மக்கள் தங்கும் பகுதியில் சுமார் 113. வெளிக் காற்றுக்கு இந்திய அரசு 2009-ல் வகுத்த 24 மணி நேர எல்லை 60. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் கூறிய எல்லை 15.

இவ்வெண்களில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. அடுக்களையிலிருந்து அடுத்த அறைக்குக் குழந்தையை மாற்றினாலே அதன் சுவாசத்திற்குள் செல்லும் புகை நான்கில் ஒரு பங்காகக் குறையக்கூடும். ஆனால் அந்த அடுத்த அறையும் தூய்மையானதன்று. அங்கும் அரசு எல்லையைப்போல் இரு மடங்கு அளவு நிற்கிறது. ஆகவே முதற்செய்தியைக் கொண்டு இன்றே செய்யத்தக்கதைச் செய்வதும், இரண்டாவதைக் கொண்டு எரிபொருளை மாற்ற முயல்வதும் ஒருங்கே நிகழ வேண்டும்.

புகை நாள் முழுதும் ஒரே சீராக இருப்பதில்லை. அடுப்பு மூட்டும்போதும், ஈர விறகோ வறட்டியோ புதிதாகச் செருகும்போதும் அது உச்சத்தை அடைகிறது. தணல் அடங்கும் வேளையில் கண்ணுக்குத் தெரியும் புகை மறைந்தாலும், கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயு தொடர்ந்து வெளிப்படுகிறது. சமையல் முடிந்தவுடன் வெதுவெதுப்பான அடுப்பங்கரையில் குழந்தையைத் தூங்க வைக்கும் வழக்கம் குளிர்ப் பிரதேசங்களில் உண்டு. தாயின் நோக்கம் நல்லதே. அவ்வேளைக் காற்று நல்லதன்று.

வீட்டைப் பார்வையிடும் ஊழியர் பதிவேட்டில் 'சமையல் எரிபொருள் யாது' என்ற ஒரு கட்டத்தை நிரப்பி நகர்ந்துவிடுவதுண்டு. அதனினும் சிறந்த வினா, அடுப்பு எரியும் நேரத்தில் இவ்வீட்டின் கடைக்குட்டி எங்கே இருக்கிறது என்பது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை பெரும்பாலும் தாயின் இடுப்பிலோ மடியிலோ அடுப்பருகே கட்டிய தூளியிலோ இருக்கும். அதற்கு மூத்த குழந்தை தெருவில் விளையாடும். மிகவும் இளையதும் மிகவும் நலிந்ததுமே புகைக்கு மிக அண்மையில் இருக்கிறது. தாய் சமைக்கும் அரை மணி நேரம் பாட்டியோ தந்தையோ குழந்தையை முற்றத்தில் வைத்திருப்பதற்குப் பணச் செலவு எதுவுமில்லை. தந்தை என்று இங்குக் கூறியது வேண்டுமென்றே.

அடுப்புச் சீர்திருத்தத்தின் வரலாறு

புகையில்லா அடுப்பு புதிய எண்ணமன்று. வார்தாவில் மகன்வாடியில் உருவான மகன் சூலா விடுதலை பெற்ற காலத்தையொட்டியே அறியப்பட்டது. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தின் எஸ். பி. ராஜு புகைபோக்கியுடன் கூடிய மண்ணடுப்பொன்றை வகுத்து, அதுபற்றிய சிறுநூலை 1953-ல் சென்னையில் வெளியிட்டார். 1980-களின் தொடக்கத்தில் மத்திய அரசு மேம்பட்ட சூலாத் திட்டத்தைத் தொடங்கி, 2002 வரை நடத்தியது; மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் நிறுவப்பட்டன. அவற்றில் பல நீடிக்கவில்லை. புகைபோக்கியில் கரி அடைத்தது. துப்புரவு செய்வார் இல்லை. அடுப்பின் வாய் வீட்டுப் பாத்திரத்திற்குப் பொருந்தவில்லை. கொடுத்த அடுப்புகளை எண்ணியதில் காட்டிய ஊக்கம், எரியும் அடுப்புகளை எண்ணுவதில் காட்டப்படவில்லை என்றே கூற வேண்டும்.

2016-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் பலியா நகரில் பிரதம மந்திரி உஜ்வலா திட்டம் தொடங்கப்பட்டது. இதன் வழியாகப் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட எரிவாயு இணைப்புகள் வழங்கப்பட்டுள்ளன. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தூய எரிபொருளில் சமைக்கும் குடும்பங்கள் 2015-16-ல் நூற்றுக்கு 43.8-ஆக இருந்து, 2019-21-ல் 58.6-ஆக உயர்ந்தன. அக்கணக்கெடுப்பில் நகரங்களில் 89.7, கிராமங்களில் 43.2 என்ற இடைவெளியும் காணப்பட்டது. மேலும், இக்கேள்விக்கு விடை கூறும் குடும்பம் முதன்மையாகப் பயன்படுத்தும் எரிபொருளையே சொல்லும். குளிக்க வெந்நீர் போட, மாட்டுக்குத் தீவனம் காய்ச்ச, ரொட்டி சுட, விருந்தினர் வந்த நாளில் பெரிய பாத்திரம் ஏற்ற, பழைய அடுப்பும் பக்கத்திலேயே எரிவது வழக்கம். உருளை தீர்ந்து அடுத்ததற்குப் பணம் திரளும் வரையில் விறகே கைகொடுக்கும்.

அடுப்பை மாற்றினால் நிமோனியா குறையுமா என்பதை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளின் முடிவுகளையும் ஊழியர் ஒளிவின்றி அறிந்திருத்தல் நலம். குவாதமாலா நாட்டு மலைக் கிராமங்களில் புகைபோக்கி அடுப்பைக் கொண்டு நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் சுவாசித்த கார்பன் மோனாக்ஸைடு பாதியாகக் குறைந்தது. நிமோனியாவின் மொத்த எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லத்தக்க குறைவு காணப்படவில்லை. ஆயினும் கடுமையான நிமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பின்னர் இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு எரிவாயு அடுப்பும் இலவச எரிவாயுவும் கொடுத்து, பிறந்த குழந்தைகளை ஓராண்டு கவனித்தனர். இந்தியாவில் இது தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் பகுதிகளில் நடைபெற்றது. புகை பெரிதும் குறைந்தும், கடுமையான நிமோனியாவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை என்று 2024-ல் அறிவிக்கப்பட்டது.

இதனைக் கண்டு புகை தீங்கற்றது என்று முடிவு கட்டுவது பிழை. வீட்டுப் புகையினால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உலகெங்கும் 2020-ஆம் ஆண்டில் மட்டும் 2,37,000-க்கு மேல் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆனால் ஒரே ஒரு காரணத்தை மாத்திரம் அகற்றி நிமோனியாவை ஒழித்துவிடலாம் என்ற எளிய நம்பிக்கையை அவ்வாய்வுகள் தளர்த்திவிட்டன. தன் வீட்டில் எரிவாயு எரிந்தாலும், அண்டை வீட்டு விறகுப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் சன்னல் வழியே வருகின்றன. தூளியும் பழக்கங்களும் பழையபடியே இருக்கின்றன. எரிவாயு கொடுத்த வீட்டைப் 'பணி முடிந்தது' என்று பட்டியலிலிருந்து நீக்குவதற்கு இவ்வாய்வுகள் இடந்தரவில்லை.

விறகன்றி வேறு வழியில்லாத வீட்டில் செய்யத்தக்கவையும் உண்டு. விறகை வெயிலில் நன்றாக உலர்த்த வேண்டும். பருப்பை முன்கூட்டி ஊற வைப்பதும், பாத்திரத்தை மூடிச் சமைப்பதும் அடுப்பெரியும் நேரத்தைக் குறைக்கும். சூடான புகை மேலெழும்புவதாதலின், கூரையை ஒட்டி உயரத்தில் விடப்பட்ட திறப்பு, தாழ்ந்த சன்னலைவிட அதிகம் பயன்படும். மழையில்லாத நாட்களில் முற்றத்து அடுப்பே மேல்.

அடுப்பல்லாத புகைகள்

2016-17-ல் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 38.7 பேர் தம் வீட்டிற்குள்ளேயே பிறர் விடும் புகையைச் சுவாசிப்பது தெரியவந்தது. பெரியவருக்கு அந்நிலையெனில், வீட்டை விட்டு அகலாத குழந்தையின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. பீடியைத் திண்ணையில் பிடித்தால் போதுமென்பாருண்டு. திண்ணைப் புகை கதவு வழியே உட்புகும். கட்டாயம் பிடிப்போர் வீட்டினின்று அகன்று செல்லவேண்டும்.

கொசுவர்த்திச் சுருளைப் பலர் புகையாகவே எண்ணுவதில்லை. ஒரு சுருள் முழுதும் எரியும்போது வெளிப்படும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமமென்று 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. மூடிய அறையில் தொட்டிலின் அடியில் சுருளை வைப்பதைக் காணும் ஊழியர், கொசுவலையைப் பற்றி உடனே பேசுதல் வேண்டும். கொசுவை அஞ்சும் தாயிடம் மாற்று ஒன்றும் கூறாமல் சுருளை மாத்திரம் அகற்றச் சொல்வது பயனற்றது. மலேரியாவும் டெங்குவும் பொய்யச்சங்கள் அல்ல.

குழந்தையைக் குளிப்பாட்டியபின் தலையை உலர்த்தச் சாம்பிராணிப் புகை காட்டுவது தமிழ்நாட்டில் மட்டுமன்றிப் பிற மாநிலங்களிலும் உள்ள வழக்கம். இதனை மூடத்தனமென்று இகழ்ந்து பேசும் ஊழியர் மறுமுறை அவ்வீட்டில் செவிசாய்க்கப் பெறார். தலை உலரப் பருத்தித் துணி போதும் என்பதைச் செய்து காட்டலாம். வீட்டிற்குப் புகை போடுவது விருப்பமாயின், அவ்வேளை குழந்தை வெளியே இருக்கட்டும்.

வட இந்தியக் குளிர்காலத்தில் மூடிய அறைக்குள் அங்கீட்டி என்னும் கரியடுப்பை வைத்து உறங்கும் வழக்கம் தனியாகக் குறிப்பிடத்தக்கது. கரி புகையின்றி எரிவதால் அதனைத் தீங்கற்றதென நம்புகின்றனர். நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்ஸைடு இரவில் குடும்பம் முழுவதையும் மயக்கிக் கொன்றுவிடும். உறங்கும் அறையில் அங்கீட்டிக்கு இடமே இல்லை.

எண்ணெயும் மண்ணெண்ணெயும்

புகையின்றியே நுரையீரலுக்குத் தீங்கு செய்யும் பழக்கங்கள் இரண்டு உள்ளன. ஒன்று, குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுதலும், கை கால்களைப் பிடித்துக்கொண்டு அழுகிற வாயில் எண்ணெயோ நெய்யோ புகட்டுதலும். அழும் குழந்தை மூச்சை உள்ளிழுக்கும்போது எண்ணெயும் உடன் இறங்கும். எண்ணெய் இருமலைத் தூண்டாமல் நழுவிச் செல்வதால், குழந்தை புரையேறாது. பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நுரையீரலில் தங்கிய எண்ணெய் நாட்பட்ட அழற்சியை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் இவ்வகை எண்ணெய் நிமோனியா காணப்படுவது 1973-லேயே மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. பாலாடையால் மருந்து கொடுக்கும்போதும் குழந்தையை மல்லாத்தாமல், தலையை உயர்த்தி, அழுகை அடங்கியபின் சிறிது சிறிதாகவே கொடுக்க வேண்டும்.

மற்றொன்று, மண்ணெண்ணெயைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றித் தரையில் வைப்பது. தவழும் குழந்தையும் நடை பழகும் குழந்தையும் அதனைத் தண்ணீரென்று குடித்துவிடுகின்றன. இங்கு ஆபத்து வயிற்றில் அன்று, நுரையீரலில்தான். வாந்தியெடுக்கச் செய்தால் மண்ணெண்ணெய் மறுமுறையும் தொண்டையைக் கடந்து மூச்சுக்குழலுக்குள் சிந்தும். ஆகையால் உப்பு நீர் கொடுப்பதும் விரலிடுவதும் கூடா. தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

சோப்பினால் கை கழுவுவதும் மூச்சு நோயைத் தடுக்கும் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். கராச்சி நகரின் ஏழை மக்கள் குடியிருப்புகளில் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வில், சோப்பு கொடுத்துக் கை கழுவுதலை ஊக்குவித்த குடும்பங்களில் ஐந்து வயதுக்குட்பட்டோரின் நிமோனியா பாதியாகக் குறைந்தது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தலும், 6 வாரம், 14 வாரம், 9 மாதம் ஆகிய வயதுகளில் நியூமோகாக்கல் தடுப்பூசி போடுதலும் ஊழியர் நன்கறிந்தவை. இத்தடுப்பூசி 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-ல் நாடு முழுவதற்கும் விரிந்தது.

மூச்சை எண்ணுதல்

எவ்வளவு கவனித்தும் குழந்தைக்கு இருமலும் காய்ச்சலும் வரவே செய்யும். அப்போது சாதாரணச் சளியையும் நிமோனியாவையும் பிரித்தறிய, ஓர் எளிய அளவுகோல் உண்டு. குழந்தை அமைதியாக, அழாமலும் பால் குடிக்காமலும் இருக்கும்போது, அதன் சட்டையை உயர்த்தி, மார்போ வயிறோ எழுந்து தாழ்வதைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நான்கால் பெருக்குதல் கூடாது. சிறு குழந்தையின் மூச்சு சீராக இராது. இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருப்பின் அது வேக மூச்சாகும். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தையிடம் 60-ஐ எட்டினால் மறுமுறையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இளங் குழந்தைக்கு 40 இயல்பு. மூன்று வயதுக் குழந்தைக்கு அதுவே நோய்.

மூச்சை உள்ளிழுக்கும்போது விலா எலும்பின் கீழ்ப்பகுதி உட்குழிதல், பாலோ நீரோ அருந்த இயலாமை, உட்கொண்டதெல்லாம் வாந்தியாதல், வலிப்பு, எழுப்ப எழாத சோர்வு ஆகியவற்றில் ஒன்று காணினும் மருத்துவமனைக்கு அனுப்பக் காத்திருக்கலாகாது. குளிரில் போர்வைக்குள் சுற்றிய குழந்தையிடம் இக்குறிகள் எதுவும் தெரியா. துணியை விலக்கி மார்பைப் பார்க்காமல் 'சளிதான்' என்று கூறிச் சென்ற நிகழ்ச்சிகளே பல மரணங்களுக்கு முன் நிகழ்ந்துள்ளன.

பள்ளி மாணவியர் பலர் வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்பவராதலின், மேல் வகுப்புகளில் இவ்வெண்ணிக்கையை ஒருவரோடொருவர் பழகச் செய்வது ஆசிரியருக்கு எளிது. தாய் வயலுக்குச் சென்றிருக்கையில் முதலில் காண்பவள் அப்பெண்ணே. ஊழியர் குழந்தையை மேல் சிகிச்சைக்கு அனுப்பும்போது, எண்ணிய மூச்சின் அளவையும், எண்ணிய நேரத்தையும், மார்பு உட்குழிந்ததா என்பதையும் ஒரு தாளில் எழுதித் தாயின் கையில் கொடுக்க வேண்டும். வழியில் தாய்ப்பால் தொடரட்டும். உடல் வெதுவெதுப்பாக இருக்கட்டும். முகம் மட்டும் திறந்திருக்கட்டும்.